அந்த செந்தில்குமார் நான் இல்லை

போன மாதம் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றுவலி என்று போய், ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து நர்ஸம்மா வந்து “செந்தில்குமார்” என்றார். மூன்று பேர் எழுந்தோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். “அப்பா பேரு சொல்லுங்க” என்றார். ஒருத்தர் கண்ணன் என்று சொல்லிவிட்டு, தன் கவர் வரவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். நானும் இன்னொருத்தரும் ஒரே நேரத்தில் “ராமலிங்கம்” என்றோம்.

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ராமலிங்க வள்ளலார் மருதூரில் பிறந்து வடலூரில் சபை கட்டிய மாவட்டம். எங்கள் அப்பா தலைமுறையில் தெருவுக்கு இரண்டு ராமலிங்கம் இருப்பார்கள். நர்ஸம்மாவுக்கு அந்தக் கதையெல்லாம் எதற்கு? முதலில் கை நீட்டியவரிடம் கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கை நீட்டியவன் நான்.

உள்ளே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது கிட்னியில் கல் இருக்கிறது, 8 மில்லிமீட்டர் என்றார். கால் மணி நேரம் எனக்கு இடது இடுப்பு வலித்தது. நிஜமாகவே வலித்தது. மருந்துச் சீட்டோடு வெளியே வந்த பிறகுதான் கவரின் மேல் வயது 61 என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு 46.

அன்றிலிருந்து இந்தப் பெயர் விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

மஞ்சக்குப்பத்தில் நான் படித்த வகுப்பில் நாலு செந்தில்குமார். வாத்தியாருக்குக் கவலையே இல்லை, வருகைப் பதிவேட்டில் ஆளுக்கொரு இனிஷியல். மைதானத்தில் இனிஷியல் செல்லாது. கடலூர் என்றால் எங்களுக்கு இரண்டு ஊர்: ஓ.டி., என்.டி. பழைய டவுன், புது டவுன். முதுநகரிலிருந்து வந்தவன் ஓ.டி. செந்தில். திருப்பாதிரிப்புலியூர்க்காரன் என்.டி. செந்தில். மூன்றாமவன் நெட்டை செந்தில். நான் ஆறு தையல் செந்தில், பந்து புருவத்தில் பட்ட வகையில். போட்டது நாலு தையல்தான். ஊர் சொல்லும்போது ஆறாகிவிட்டது. முப்பது வருடத்தில் ஒருநாள்கூட ஒருத்தனுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை இன்னொருத்தனுக்குப் போனதில்லை.

ஒரே பெயர் நமக்குப் புதிதும் இல்லை, விபத்தும் இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதானே, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதற்கென்றே ஒரு உறவுமுறை வைத்திருக்கிற ஜனம் நாம். அப்படிப்பட்டவர்கள், ஆளைப் பிரித்துச் சொல்லவும் ஒரு வழி வைத்திருக்காமலா இருப்போம்? அப்பா பெயரின் முதல் எழுத்து, ஊர், தெரு, தொழில், பட்டப்பெயர். இதில் ஒன்றிரண்டு சேர்ந்தால் ஆள் கிடைத்துவிடுவார். அந்த வழியை நாமே கழற்றி வைத்துவிட்டோம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்திருந்தேன். புதுச்சேரி உப்பளத்தில் கால்பந்துப் பைத்தியமான நண்பன் ஒருவன் அதைத் திருத்தினான். 1994 உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணியில் இரண்டு ரொனால்டோ. 17 வயதுப் பையன் ஒருத்தன், பின்கள ஆட்டக்காரர் ஒருத்தர். பின்களக்காரரை ரொனால்டாவ் என்றார்கள், அதாவது பெரிய ரொனால்டோ. இரண்டு வருடம் கழித்து அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் வேறொரு மூத்த ரொனால்டோ அணிக்குள் வந்தார். இப்போது நம் பையன் ரொனால்டினோ ஆனான், அதாவது சின்ன ரொனால்டோ. சட்டையிலேயே அப்படித்தான் போட்டார்கள். அதற்கப்புறம் நமக்கெல்லாம் தெரிந்த, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ரொனால்டினோ வந்தார். அவரும் ரொனால்டோதான். “சின்ன” என்ற அடைமொழி ஏற்கெனவே ஒருத்தருக்குப் போயிருந்ததால், இவர் ரொனால்டினோ கவுச்சோ. பிரேசிலின் தென்கோடி மாநிலத்துக்காரர்களை அப்படித்தான் சொல்வார்களாம். பெரிய முருகன், சின்ன முருகன், கீழ்ப்பட்டாம்பாக்கத்து முருகன். வித்தியாசமே இல்லை. போர்ச்சுகல்காரர் கிறிஸ்டியானோ இந்தக் கணக்கில் சேரமாட்டார். அவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்பாவுக்குப் பிடித்த நடிகர் ரொனால்ட் ரீகனிடமிருந்து.

பிரேசில்காரர்கள் சமாளித்துவிட்டார்கள். நம் டீக்கடையில்தான் சிக்கல். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பிரவீன் குமார் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார், 2.08 மீட்டர். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “அவன் ஸ்விங் பௌலர் இல்ல? எப்ப தாண்ட ஆரம்பிச்சான்?” என்றார். அவர் சொன்னது மீரட்டுக்காரர், இந்தியாவுக்காகப் புதுப் பந்தை இரண்டு பக்கமும் வளைத்தவர். மூலையில் இருந்த பெரியவர் இன்னும் ஒருபடி மேலே போய், “பீமன்தானே? அவர் போய்ச் சேர்ந்துட்டாரேப்பா” என்றார். அதுவும் சரியான பிரவீன் குமார்தான்! தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்தவர் 1966-லும் 1970-லும் ஆசிய விளையாட்டில் வட்டு எறிந்து தங்கம் வாங்கியவர். 2022-ல் காலமானார். ஒரே பெயரில் மூன்று விளையாட்டுக்காரர்கள், மூன்று பேரும் நாட்டுக்கு ஆடியவர்கள். பேருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்திருந்தால் பெரியவர் அன்று துக்கம் அனுசரித்திருக்க மாட்டார்.

கிரிக்கெட்டில் இந்த வேலையை ஸ்கோர்கார்டு ஒழுங்காகச் செய்கிறது. 2016 ஐ.பி.எல்.லில் புனே அணியில் இரண்டு அஸ்வின். இரண்டு பேரும் தமிழ்நாடு, இரண்டு பேரும் சுழல், அதிலும் ஒரே இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர்கள். ஆர். அஸ்வின், எம். அஸ்வின். ரவிச்சந்திரன் மகன், முருகன் மகன். தீர்ந்தது விஷயம்.

நான் அதிகம் சண்டை போட்டது சிதம்பரத்துக்காக. சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர், “ஸ்டேடியத்துக்கு மத்திய மந்திரி பேரை வெச்சிருக்காங்க பாரு” என்று ஆரம்பிப்பார். அது எம்.ஏ. சிதம்பரம். 1918-ல் பிறந்த தொழிலதிபர், கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். நிதியமைச்சராக இருந்தவர் ப. சிதம்பரம். இந்த இடத்தில் நிறுத்தினால் எதிராளி தோற்றுவிடுவார். ஆனால் முழு உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா, ஸ்டேடியச் சிதம்பரம் நிதியமைச்சர் சிதம்பரத்துக்குத் தாய்மாமன். அந்த ஸ்டேடியச் சிதம்பரத்தின் அப்பா ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அவர் பெயரில் 1929-ல் வந்த பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் எது? எங்கள் மாவட்டத்துச் சிதம்பரம்! இதைச் சொன்னதும் எதிராளி, “பார்த்தியா, நான் சொன்னேன்ல” என்று எழுந்து போய்விடுவார். டீ காசும் என் தலையில்.

கப்பலோட்டிய வ.உ.சி.யும் சிதம்பரம்தான், ஒட்டப்பிடாரத்துக்காரர். ஊர் எங்களுடையது, பெயர் ஊரெல்லாம் போயிருக்கிறது. சமீபத்தில் என் பையனோடு படிக்கும் ஒருத்தன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஐ.பி.எஸ். அண்ணாமலையின் பெயரை எப்போது வைத்தார்கள் என்று கேட்டான். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கோபம் வருவது அந்த விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தால்தான். முதல் பெயர் என்று ஒரு கட்டம், கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். கடைசிப் பெயருக்கு எங்கே போவது? அப்பா பெயரைப் போடுகிறோம். அடுத்த நாள் வரும் மின்னஞ்சல் “அன்புள்ள ராமலிங்கம்” என்று ஆரம்பிக்கிறது. எங்கள் அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. விஸ்வநாதன் ஆனந்தை உலகமே “விஷி” என்று செல்லமாகக் கூப்பிடுகிறது, அது அவர் அப்பா பெயர். கிரிக்கெட் ஜி.ஆர். விஸ்வநாத்தும் விஷிதான். அவருக்காவது அது சொந்தப் பெயர். ரியோ பாராலிம்பிக்ஸில் மாரியப்பன் 2016-ல் தங்கம் தாண்டியபோது வடக்கத்திச் சேனல்களில் “தங்கவேலு, தங்கவேலு” என்று அப்பா பெயரைக் கத்தினார்கள். காய்கறி விற்று அவரை வளர்த்த அம்மா சரோஜாவின் பெயருக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. டென்னிஸில் பார்த்தால் டி.கே. ராமநாதன் மகன் ராமநாதன் கிருஷ்ணன், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன். நமக்கு மூன்று தலைமுறை பளிச்சென்று தெரிகிறது. இந்த வழக்கம் தெரியாத வெளிநாட்டுக்காரர் அப்பாவுக்கும் மகனுக்கும் கிருஷ்ணன்தான் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்வார். அந்தக் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. தாக்கர்சி குடும்பத்துப் பையன் விஜய்யிடம் பள்ளிக்கூடத்தில் குடும்பத் தொழில் என்ன என்று கேட்டு, பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார்களாம். அந்தக் கிரிக்கெட்காரர் வாழ்நாள் முழுக்க விஜய் மெர்ச்சன்ட், அதாவது வியாபாரி.

முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் இந்தக் கதை இன்னும் பழையது. பிரெஞ்சுக்காரன் 1881-லேயே ஒரு ஆணை போட்டான். சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லப்போர்த் ஆனார். அந்த வாசனை இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குமார் ஆங்கிலத்தில் கே-யில் ஆரம்பிப்பான், அங்கே குமாருக்கு சி, ஓ, யு. முத்தியால்பேட்டையில் என் சித்தப்பா முறை ஒருத்தர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பேரப்பிள்ளைகள் பிரான்ஸில். பள்ளிக்கூடத்தில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கடைசிப் பெயர், ராமசாமி. அது சித்தப்பாவின் அப்பா. “செத்து அம்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் தினம் வருகைப் பதிவு கொடுக்கறார்” என்று சித்தப்பா சிரிப்பார். சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் எடுத்துக்கொண்ட ஏற்பாடு.

அரசியலுக்கு வருகிறேன். பன்னீர்செல்வம் என்று கடலூர் மாவட்டத்தில் சொன்னால் குறிஞ்சிப்பாடி எம்.ஆர்.கே. தேனியில் சொன்னால் ஓ.பி.எஸ். ஆளுக்கு ஆள் எழுத்து இருந்ததால் இத்தனை வருடம் ஓடியது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே தொகுதியில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள். பெரும்பாலானோருக்கு இனிஷியலும் ஓ! நான் தலையில் தூக்கிவைத்து ஆடும் இனிஷியலே அங்கே கைவிட்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் என்னைக் கைவிட்டதுபோல. அவருக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். எங்கள் பண்ருட்டியில் சந்தோஷப்பட்டிருப்பார்கள், ஓட்டு இல்லாவிட்டாலும். இரண்டாம் இடம்தான் வந்தது.

கேரளத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2004-ல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் தோற்றது 1,009 வாக்குகளில். வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை வாங்கியது 8,000-க்கும் மேல். இந்த மாதிரி வேட்பாளர்களைத் தடுக்கவேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்பா அம்மா வைத்த பெயருக்காக ஒருத்தரை எப்படித் தேர்தலில் நிற்காதே என்பது என்று கேட்டு, விசாரிக்க மறுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆளைத் தேடிப் பிடித்து நிறுத்துகிற கட்சிக்காரன்தான் அயோக்கியன், அதில் சந்தேகமே இல்லை. அதற்காக நாளைக்கு நான் கவுன்சிலருக்கு நின்றால், வேறொரு செந்தில்குமார் ஏற்கெனவே பிரபலம் என்று என்னை ஓரங்கட்ட முடியுமா?

1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், தொழிலையோ வசிக்கும் இடத்தையோ வேறு எதையாவதோ சேர்த்து வேறுபடுத்தவேண்டும். படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஓ.டி. செந்தில், என்.டி. செந்தில்! எங்கள் மைதானத்துச் சட்டம்தான் டெல்லியிலும். 2015-லிருந்து வாக்குச்சீட்டில் போட்டோவும் வந்துவிட்டது. செய்தி போடுகிறவர்கள்தான் தலைப்பில் இடமில்லை என்று ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் வெட்டுகிறார்கள். சேனல்காரர்களுக்குக் கேட்டால் சொல்வேன், அந்த ஓர் எழுத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வயதையும் சேர்த்துக் கூப்பிடட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சரி, அந்தக் கல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கவரை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் வராந்தாவில் பெரிய செந்தில்குமாரைப் பிடித்தேன். அவரும் என் கவரோடு இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, வெறும் வாயு என்று சொல்லிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் வடை தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போனது. எனக்குத்தான் குற்ற உணர்ச்சி, ஏதோ நான் கல்லை அவர் மேல் போட்டதுபோல. நெல்லிக்குப்பத்துக்காரராம். ஒரே பஸ்ஸில் கடலூர் வரை வந்தோம். டிக்கெட் அவர்தான் எடுத்தார்.

இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொண்டோம். அவர் போனில் ஏற்கெனவே ஏழு செந்தில்குமார் இருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி என்னைச் சேமித்தார். எட்டிப் பார்த்தேன். “செந்தில்குமார் வாயு” என்று இருந்தது.