மூவாயிரம் என்று சொன்னதுதான் நான் செய்த குற்றம்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பழம்பொருள் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக ஸ்கிரீன்ஷாட் போடப் போவதில்லை. அந்தத் தம்பியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் என் பெயரைச் சொல்லித்தான் எழுதினார், அது வேறு விஷயம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தி ஆடும் ஓர் அமெரிக்க விளையாட்டு. அதன் பழைய சிவப்புப் பெட்டி ஒன்றுக்கு அந்தத் தம்பி விலை கேட்டார். மூவாயிரம் என்றேன். நடந்தது இவ்வளவுதான்.

"எனக்குக் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். மறுநாள் காலையில் நான் "பெரிய வீட்டுப் பெட்டியை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கும் ப்ரெஸ்காரர் மகன்" ஆகிவிட்டேன். அதற்கு நாற்பது பேர் கைதட்டல் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் காபி குடித்தவர்கள்.

எல்லாம் அந்த ரீல் செய்த வேலை. "இந்த விளையாட்டுப் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி." சரி, பொய் இல்லை. ஆனால் ரீலில் காட்டியது எந்தப் பெட்டி? மரவரி போட்ட பழுப்பு அட்டைப்பெட்டி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் முதல் அச்சு, 1974. அமெரிக்காவில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸும் கூட்டாளிகளும் கையில் இருந்த காசைப் போட்டு ஆயிரம் பிரதி அடித்தார்கள். டேவ் ஆர்னெசனும் கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய மூன்று சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டி, மேலே கையால் ஒட்டிய லேபிள். விலை 10 டாலர். அந்த ஆயிரம் விற்றுத் தீரவே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. ஆடிக் கிழிந்து, மழையில் நனைந்து, குப்பைக்குப் போனது போக மிச்சம் இருப்பதற்குத்தான் லட்சங்கள். என்னிடம் அது இல்லை. இருக்கப் போவதுமில்லை.

தம்பி கொண்டுவந்தது 1983-இல் வந்த சிவப்புப் பெட்டி. அட்டையில் ஒரு வீரன் டிராகனோடு மோதுவான், லாரி எல்மோர் வரைந்த படம். அருமையான பெட்டி. அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். ஆனால் அது லட்சக்கணக்கில் அச்சானது. பொம்மைக் கடைகளில் குவித்து வைத்து விற்றார்கள். பல மொழிகளில் வந்தது. பகடைகள், எண்களில் தேய்க்கும் மெழுகு க்ரேயான், இரண்டு புத்தகம் எல்லாம் இருந்து மூலை பிரியாமல் இருந்தால் எட்டாயிரம், பத்தாயிரம் சொல்லலாம். இவர் பெட்டியில் ஆறு பகடையில் நான்கு இல்லை, க்ரேயான் இல்லை. மூடியில் இரண்டு மூலை பிரிந்திருக்கிறது. ஒரு புத்தகத்தை ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டு, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று வந்துவிட்டது. மூவாயிரம். தாராளமாகத்தான் சொன்னேன்.

பழசு என்பதற்காக விலை வராது. இதைத்தான் பத்து வருஷமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியது, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது, தேடுகிறவன் எத்தனை பேர், இந்த நாலும்தான் விலை. நாற்பது வருஷம் பழையது என்றால் நான்கூடத்தான் அதைவிடப் பழையவன். எனக்கு யார் லட்சம் தருகிறார்கள்?

இன்னொன்று. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் ஒருவன் ஒரு லட்சம் என்று போட்டு ஐந்து வருஷமாக வைத்திருப்பான். அது விலை இல்லை, ஆசை. விற்று முடிந்ததை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள் என்று அந்தத் தம்பிக்கு போன் போட்டே சொல்லிக் கொடுத்தேன். அந்த அரை மணி நேரப் பேச்சைப் பற்றி அவர் பதிவில் ஒரு வரி கிடையாது.

அச்சு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, இதை மட்டும் கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்கிறேன். ப்ரெஸ்காரர் மகன்தானே. காரைக்குடியில் அப்பா ட்ரெடில் மிஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்து எங்களைப் படிக்க வைத்தார். மையின் ஏற்ற இறக்கம், தாளின் கனம், எந்தப் பக்கம் எந்த ஃபாரத்தில் அடித்தது, எல்லாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே விரலுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பெரிய வீட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு விலாசத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது. ஐந்நூறு பத்திரிகை. வாங்க வந்தவர் அப்பா முகத்துக்கு நேராகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி முழுக்க மறுபடி அடித்தோம். அந்தத் தப்பான பத்திரிகையில் ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது, மிஷினுக்கு அடியில் கிடந்தது.

இதே கதை அந்த விளையாட்டு உலகத்திலும் உண்டு. 1981-இல் ஆரஞ்சு அட்டையில் ஒரு சாகசப் புத்தகம் வந்தது, வெள்ளி இளவரசியின் அரண்மனையைப் பற்றியது. உள்ளே இருந்த சில படங்கள் கம்பெனிக்கே பிடிக்காமல் போய், திரும்ப வாங்கி அழித்தார்கள். பிறகு பச்சை அட்டையில் மாற்றி எழுதிய வேறு பதிப்பு வந்தது. பச்சை சல்லிசாகக் கிடைக்கும். ஆரஞ்சுக்கு அலைகிறார்கள். போலிகூட வருகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "தப்பா அடிச்சதுக்கா காசு?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, இப்போது வருவார்கள். "நீ மட்டும் யோக்கியமா? குறைந்த விலைக்கு வாங்கியதே இல்லையா?"

வாங்கியிருக்கிறேன். 2003-இல் திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில், இதே விளையாட்டுக்காக, தெய்வங்களுக்கெல்லாம் உயிர்ப்புள்ளி போட்டு வந்த 1980-ஆம் வருஷப் புத்தகத்தை எண்பது ரூபாய்க்கு எடுத்தேன். நம் இந்திரனும் அக்னியும்கூட அதில் உண்டு, எத்தனை அடி தாங்குவார்கள் என்ற கணக்கோடு. முதலில் வந்தது 144 பக்கம். அப்புறம் லவ்கிராஃப்ட், மூர்காக் என்ற இரண்டு எழுத்தாளர்களின் கதை உலகங்களை எடுத்துவிட்டு 128 பக்கமாக்கினார்கள். எனக்குக் கிடைத்தது 144. கடைக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னிடம் விலை கேட்கவில்லையே, அவராகச் சொன்ன விலையைத்தானே கொடுத்தேன். இது கேட்டு வந்த ஆள். இரண்டும் ஒன்றா? ஒன்று என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறாயே, ஆடுகிறாயா?" ஆட ஆள் இல்லை. அடுத்த கேள்வி.

"வெள்ளைக்காரன் விளையாட்டு, நம் மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" இதை எழுதியவரின் வீட்டை எனக்குத் தெரியும். தூண் பர்மா தேக்கு. முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி. தரையில் இத்தாலி மார்பிள். பரண் நிறைய ஸ்வீடன் எனாமல் தூக்குகள். ஐயா, கப்பலில் வந்து இறங்கியதைத்தான் நாம் செட்டிநாட்டுப் பாரம்பரியம் என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறோம். அந்தப் பெட்டியும் பினாங்கிலிருந்து அப்படித்தான் வந்தது. ஐம்பது வருஷம் பிந்தி வந்ததுதான் அதன் தப்பா?

என் முதல் சிவப்புப் பெட்டியும் பினாங்குதான். என்னுடையது இல்லை, கூடப் படித்தவனுடையது. 1988 மே லீவு, எனக்குப் பதின்மூன்று வயது. அவன் மாமா கொண்டுவந்தார். அவர்கள் வீட்டு வளவில், மதிய வெயில் சதுரமாக விழும் இடத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து ஆடினோம். ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எங்கள் இங்கிலீஷுக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை இட்டுக்கட்டிக்கொண்டோம். புத்தகத்தில் முதலிலேயே தனியாக ஆடும் ஒரு கதை வரும். அலீனா என்று ஒரு பெண் உங்களுக்கு உதவி செய்வாள், கொஞ்ச நேரத்தில் மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுவான். எத்தனை தடவை திரும்பப் படித்தாலும் அவள் சாவாள். ஒரு விளையாட்டுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான், அதுவும் அடுத்த வீட்டுத் திண்ணையில்.

அவனுடைய அப்பத்தா எங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் அந்த இருபது முகப் பகடையைக் கேட்டு வாங்கி உருட்டினார்கள். ஒன்று விழுந்தது. "தாயம்டா!" என்று ஒரு சத்தம். நாங்கள் ஆடிய கணக்கில் ஒன்று என்றால் வீச்சு தப்பிவிட்டது என்று அர்த்தம். இருபதுதான் பெரிய வெட்டு. அப்பத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "தாயம் விழாம எவன்டா உள்ள வருவான்?" நியாயம்தானே? அன்றிலிருந்து அந்த வளவில் ஒன்றும் வெட்டு, இருபதும் வெட்டு. லேக் ஜெனீவாவில் யாருக்கும் தெரியாத சட்டம்.

அந்த வீடு இப்போது இல்லை. பங்காளிகள் பதினொரு பேர், கையெழுத்துப் போட ஒன்பது வருஷம். தூண் தூணாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். கதவுகளைப் பிறகு முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்த்தேன், நிலைக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை. அன்றைக்கும் ஒருவர் என்னிடம், "நல்ல விலை போச்சு" என்றார். ஆமாம், போனது.

என்னவோ சொல்ல வந்து எங்கோ போகிறேன். எங்கள் ப்ரெஸ்ஸை மூடியபோது அச்செழுத்தெல்லாம் கிலோக் கணக்கில் ஈயமாகப் போனது. நான்தான் எடை போடும் இடத்தில் நின்றேன். அதனால் எனக்கு விலை தெரியாது என்று சொல்லாதீர்கள். விலை தெரியும். கிலோவுக்கு எவ்வளவு என்பது வரை தெரியும்.

கோட்டையூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கேதான் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். ஆயுசு முழுக்க அவரிடமும் யாராவது "இந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வாய்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அது சென்னையிலேயே நூலகமாக நிற்க வழி செய்தது. இன்றைக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அங்கே போய்த்தான் உட்கார வேண்டும். நான் ரோஜா முத்தையா இல்லை, பயப்படாதீர்கள். ஒரு பீரோ, அதில் அறுபது சொச்சம் பெட்டியும் புத்தகமும், கறையானுக்கு வசம்பு, ஈரத்துக்கு சிலிக்கா பொட்டலம். இதுதான் என் சாம்ராஜ்யம். வீட்டில் அதற்கு "பொம்மை பீரோ" என்று பெயர்.

இப்போது அந்தப் பதிவில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு தாள் இருந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்தது, பென்சில் எழுத்து. பெயர்: கருப்பு. தொழில்: திருடன். உயிர்: 4. கையில் இருப்பது: கயிறு, தீவட்டி, ஒரு தூக்கு முறுக்கு. கீழே வேறு கையெழுத்தில், "வெள்ளிக்கிழமை செத்துப்போனான்." அதற்கும் கீழே பழைய கையெழுத்தில் அழுத்தி, "அக்கா கொன்றுவிட்டாள்."

யார் எழுதியது என்று கேட்டேன். "அப்பா இல்லாட்டி சித்தப்பாவா இருக்கும். ஏன் சார், இது இருந்தா விலை குறையுமா?" என்றார் தம்பி.

குறையும். வாங்குகிறவன் சுத்தமான பெட்டியைத்தான் கேட்பான். கேட்டார், அதையும் உள்ளபடி சொன்னேன். கூடவே, பெட்டியை விற்றாலும் இந்தத் தாளை மட்டும் விற்காதீர்கள், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இப்போது யோசித்தால் குறையும் என்பதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். மூவாயிரத்துக்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை.

நேற்று ராத்திரி பெட்டியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ஒன்றே கால் லட்சம். ஏழு படம். மூடி, அடி, இரண்டு புத்தகம், இரண்டு பகடை, கழன்ற நடுத்தாள்கூட இருக்கிறது. பென்சில் தாள் எதிலும் இல்லை.

தம்பி, ஒன்றே கால் லட்சத்துக்குப் போனால் சந்தோஷம், நானே வந்து மாலை போடுகிறேன். எனக்குப் பெட்டி வேண்டாம். அந்தத் தாள் இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்றால் எடுத்து வையுங்கள். அக்கா என்று எழுதியிருக்கிறதே, அது உங்கள் அத்தையாகத்தான் இருக்க வேண்டும். இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். கொடுக்க யாரும் இல்லை என்றால் மட்டும் எனக்கு அனுப்புங்கள், மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து. கூரியர் செலவு என்னுடையது.