இரண்டு நிமிட வேலை

வியாழக்கிழமை இரவு அலுவலகத்தில் நடந்ததைப் போன பதிவிலேயே கொட்டிவிட்டேன், மறுபடியும் ஆரம்பிக்கவில்லை. சுருக்கமாக: பைத்தான் என்ற நிரல் மொழியின் புதிய பதிப்பில் ஒரு பழைய பெயரை எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த என் நிரல் நின்றுபோனது. அதற்கு வந்த ஒரு பதில்தான் இரண்டு நாளாக உறுத்துகிறது. "அண்ணா, ஒரு பெயர் மாறியதற்கா இவ்வளவு புலம்பல்? இரண்டு நிமிட வேலை." எழுதிய தம்பி நல்ல பையன்தான். பைத்தான் 3.0 வெளிவந்த 2008 டிசம்பரில் மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பான்.

தம்பி, நிரலில் பெயர்தான் முகவரி. தெருவுக்குப் புதுப் பெயர் வைத்தாலும் பழைய பெயர் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். கணினிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அப்படி ஒரு மாட்யூலே (மற்ற நிரல்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பைப் படிக்கும் மாட்யூலுக்கு பைத்தான் 2-இல் கான்ஃபிக்பார்சர் என்று பெயர். பைத்தான் 3-இலும் கான்ஃபிக்பார்சர்தான். என்ன மாறியது என்கிறீர்களா? ஆங்கிலத்தில் எழுதும்போது கேபிட்டலாக இருந்த சியும் பியும் சிறிய எழுத்தாகிவிட்டன. அவ்வளவுதான். கியூ, டிகேஇன்டர் (திரையில் ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைவது) என்ற மாட்யூல்களுக்கும் இதே சடங்கு. இதற்காக உலகம் முழுவதும் "புதிய பெயரில் தேடு, கிடைக்காவிட்டால் பழைய பெயரில் தேடு" என்று நான்கு வரி எழுதிக்கொண்டு திரிந்தோம்.

மாட்யூல் பெயர்கள் சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பெப் 8, அதாவது பைத்தான் நிரலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தின் நடைவிதி. சரி, ஒழுங்கு வேண்டியதுதான். அதே ஆவணம் ஃபங்ஷன் பெயர்களுக்கும் சிறிய எழுத்தைத்தான் சொல்கிறது. ஆனால் லாகிங் மாட்யூலின் கெட்லாகரும் யூனிட்டெஸ்ட் மாட்யூலின் செட்அப்பும் நடுவில் கேபிட்டல் எழுத்தைத் தூக்கிக்கொண்டு இன்றுவரை உலவுகின்றன. பெரிய வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கிறது.

2012 வாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரியில் இலவசமாகப் பைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் குறிப்பேடு எழுதி, என் காசில் நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன். டிகேஇன்டர் பாடத்தில் முதல் எழுத்து கேபிட்டல்; பைத்தான் 2 வழக்கம். தமிழ் வழியில் படித்துவந்த ஒரு மாணவி வீட்டுக் கணினியில் பைத்தான் 3 போட்டிருந்தாள். வரவில்லை. "எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் சார் அடித்தேன்" என்றாள். உண்மைதான், ஒரு பிழையும் இல்லை. நம் மொழியில் எழுத்துக்குப் பெரியது சிறியது கிடையாது. அவள் எங்கே போய்த் தேடுவாள்? என்ன நடந்தது என்று விளக்கினேன். தலையாட்டினாள். அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். உன் இரண்டு நிமிடத்தில் அதையும் சேர்த்துக்கொள், தம்பி.

"முன்கூட்டியே எச்சரித்தார்களே" என்று ஒரு கூட்டம் வரும். வாருங்கள். வியாழக்கிழமை என்னைக் கவிழ்த்தது கான்ஃபிக்பார்சர் மாட்யூலுக்குள் இருந்த சேஃப்கான்ஃபிக்பார்சர் என்ற பெயர். 2011-இல் வந்த 3.2 பதிப்பில் அதிலிருந்து 'சேஃப்' என்ற சொல்லை எடுத்தார்கள். பழைய பெயர் இனி போய்விடும் என்று எச்சரிக்கையும் வைத்தார்கள். அதே 3.2-இல்தான் இந்த வகை எச்சரிக்கைகள் இயல்பாகத் திரையில் வராதபடியும் மறைத்தார்கள்! பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எச்சரித்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் 3.12 வந்தது, பழைய பெயர் போனது. "பன்னிரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று என்னைக் கேட்கிறார்கள். வேலை செய்துகொண்டிருந்தேன் ஐயா. அந்த நிரலும் செய்துகொண்டிருந்தது.

"பைத்தான் 2 நிரலைத் தானாகவே பைத்தான் 3-க்கு மாற்றித்தரும் கருவி இருந்ததே" என்பவர்களுக்கு: இருந்தது. 3.13-இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

இணைய முகவரியிலிருந்து தகவல் எடுக்கும் வேலை யூஆர்எல்லிப், யூஆர்எல்லிப்2 என்று சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தியது நல்ல காரியம். அதில் எனக்கு வழக்கில்லை. மொழியைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்பதும் தெரியும், மரியாதை உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் யாரும் சம்பளம் தரவில்லை. பழைய பெயரையும் ஓரமாக வாழவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றுதான் கேட்கிறேன். கோ என்ற இன்னொரு நிரல் மொழியில் ஐஓயுடில் தொகுப்பை 2021-லேயே 'இனி வேண்டாம்' என்று அறிவித்தார்கள். ஆனால் இன்றும் அதை அழைத்தால் வருகிறது. யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

பழைய மாட்யூலையும் புதியதையும் பக்கத்தில் வைத்திருக்க முடியாது, விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் சாதாரணமாக இருக்க முடியாதே என்று யாராவது சொல்வீர்கள். தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: அந்தப் பெயரைத் தொட்டிருக்கவே கூடாது.

உண்மையில் மாட்யூல் பெயரா என்னை வருத்துகிறது என்று வீட்டில் கேட்டார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பதினோரு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய நிரல் அது. நின்ற அன்றைக்குத்தான் "யார் எழுதிய குப்பை இது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஓடிய நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

சரிசெய்துவிட்டேன். நான்கு எழுத்தை அழித்தேன், இரண்டு நிமிடம். அந்த நான்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க விடியற்காலை மூன்றரை ஆனது. இதற்குக் கீழே யாராவது "ஏன் இன்னும் டாமல் கோப்புக்கு (அமைப்புகளை எழுதிவைக்கும் இன்னொரு வடிவம்) மாறவில்லை?" என்று கேட்டால், நட்பு வட்டத்திலிருந்து நீக்கிவிடுவேன்.