ஒரே ஒரு அடைமொழி

அமெரிக்க அரசமைப்பில் வங்கி என்ற சொல்லே கிடையாது, அப்புறம் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) எப்படி ஒரு தேசிய வங்கியைத் தொடங்கலாம், அதெல்லாம் அன்றைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தன் கையிலிருந்து போட்டுக்கொடுத்த அதிகாரம் என்று நண்பர் ஒருவர் நேற்று சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வழக்கு இதுதான். 1818-ல் மேரிலாந்து மாநிலம், தன் அனுமதி பெறாத வங்கிகள் முத்திரைத் தாளில்தான் நோட்டு அச்சிட வேண்டும், இல்லையென்றால் வருடத்துக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும் என்றது. குறி, தேசிய வங்கியின் பால்டிமோர் கிளை. அங்கே காசாளராக இருந்த மெக்கல்லக் கட்ட மறுத்தார். (மனிதர் ஒன்றும் உத்தமர் இல்லை. கிளையில் நடந்த கடன் மோசடியில் அவருக்கும் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்து வேலை போனது.) 1819 மார்ச்சில் மார்ஷலின் தீர்ப்பு வந்தது: வங்கி செல்லும், அதன்மேல் மாநிலம் போட்ட வரி செல்லாது.

அரசமைப்பில் காங்கிரஸின் அதிகாரங்களை வரிசையாக எழுதிவிட்டு, அவற்றைச் செயல்படுத்த ‘அவசியமான, முறையான’ சட்டங்களையும் இயற்றலாம் என்று முடிகிறது ஒரு பகுதி. எது இல்லாமல் காரியமே நடக்காதோ அதுதான் அவசியம் என்றார் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன், முதல் தேசிய வங்கியை எதிர்த்து, 1791-லேயே. மார்ஷல் அதே ஆவணத்தில் இன்னொரு இடத்தைக் காட்டினார். மாநிலங்கள் இறக்குமதிக்கு வரி போடக் கூடாது என்று சொல்லும் இடத்தில் ‘முற்றிலும் அவசியமானது’ தவிர என்று இருக்கிறது. அங்கே ‘முற்றிலும்’ போடத் தெரிந்தவர்கள் இங்கே போடவில்லையே! 1791-ல் வங்கியை எதிர்த்துப் பேசிய மேடிசனே, 1816-ல் அதிபராக உட்கார்ந்து இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் நண்பருக்கு நினைவூட்டினேன்.

ஆனால் மார்ஷலைக் கொண்டாடுகிறவர்கள் ‘முறையான’ என்ற அடுத்த சொல்லைக் கண்டுகொள்வதில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. 2012-ல் மருத்துவக் காப்பீட்டு வழக்கில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார், காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவசியமாகவே இருந்தாலும் முறையான வழி ஆகாது என்று. அப்படியும் அந்தக் கட்டாயம் தப்பித்தது, வரி போடும் அதிகாரத்தால். அது அரசமைப்பில் எழுத்திலேயே இருக்கிறது.