உப்புத் தடாகமும் என் மூன்று மூட்டை உப்பும்

போன கிழமை தம்பி ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார். "அண்ணா, பூலில் குளோரீன் பூச்சியம். செல் செத்துப் போச்சாம், புதுசு 600 டொலராம். மாற்றட்டோ?" செல் என்பது உப்புத் தண்ணீர் நீச்சல் தடாகத்தில் குளோரீன் உண்டாக்கும் பாகம். இந்தக் கோடையில் இதைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதப் பஞ்சியாக இருக்கிறது. அதனால் இங்கேயே எழுதி விடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். செத்ததாகச் சொல்லப்படும் செல்களில் கனக்க இன்னும் சாகவில்லை. உண்மையிலேயே செத்தவற்றில் பாதியைக் கொன்றது நாங்கள்தான். இரண்டாவது வகையில் நானும் ஒரு குற்றவாளி.

தெரியாதவர்களுக்கு: சிட்னியில் பின்வளவில் நீச்சல் தடாகம் வைத்திருப்பவர்களில் கனபேருடையது உப்புத் தண்ணீர்த் தடாகம். கடல் மாதிரிக் கரிக்காது. கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்றால் தடாகத்தில் 4 கிராம் அளவுதான். தண்ணீர் பம்பைத் தாண்டித் திரும்பும் வழியில் ஒரு செல் இருக்கும். அதற்குள் தைத்தேனியத் தகடுகள். மின்சாரம் போனதும் உப்பிலிருந்து குளோரீன் வரும், மற்றப் பக்கத்தில் ஐதரசன் குமிழி வரும். ஏ.எல். இரசாயனத்தில் படித்த அதே மின்பகுப்புத்தான். அந்தத் தகடுகளின் மேல் ருதேனியம், இரிடியம் ஒட்சைட்டுகளால் ஆன மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. இரண்டும் பிளாற்றினத்தின் சொந்தக்காரர்கள். நாங்கள் காசு கொடுப்பது உண்மையில் அந்தப் பூச்சுக்குத்தான். அது போய்விட்டால் வெறும் தைத்தேனியத்தின் மேல் ஒரு படலம் உண்டாகி மின்சாரத்தை மறித்து விடும். செல்லின் ஆயுள் என்பது அந்தப் பூச்சின் ஆயுள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் தடாகம் 45,000 லீற்றர். ஒரு யூலை மாதம், சரியான குளிர், குளோரினேற்றரில், அதாவது செல்லை இயக்கும் இயந்திரத்தில், 'உப்புக் குறைவு' விளக்கு எரிந்தது. இயந்திரமே சொல்லுது, பிறகென்ன? 20 கிலோ மூட்டை மூன்றை வாங்கி வந்து கொட்டினேன். விளக்கு அணையவில்லை. நல்ல வேளையாக நாலாவது மூட்டைக்குப் போகவில்லை, முதுகு விடவில்லை. நவம்பரில் வெயில் வந்தது, தண்ணீர் சூடாகியது, இப்போது 'உப்பு அதிகம்' என்று இயந்திரம் நின்றே விட்டது. தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்தால் 5300 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 5.3 கிராம். எனக்குத் தேவையானது 4000.

நடந்தது இதுதான். பெரும்பாலான குளோரினேற்றர்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தகடுகளுக்கிடையே எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்த்து உப்பை ஊகிக்கின்றன. குளிர்ந்த தண்ணீரில் மின்சாரம் குறைவாக ஓடும். தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், பூச்சுத் தேய்ந்தாலும், பிளக் இளகியிருந்தாலும் குறைவாகத்தான் ஓடும். எல்லாவற்றுக்கும் அதற்குத் தெரிந்த ஒரே சொல் 'உப்புக் குறைவு'. போட்ட உப்பை எடுக்க மருந்தும் இல்லை. உப்பு ஆவியாகாது, தண்ணீரோடுதான் போகும். கால்வாசித் தண்ணீரை, 11,000 லீற்றருக்கு மேல், வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் கட்டணம் வந்தபோது சொன்னார்.

உப்பு உண்மையாகவே குறையும் காலமும் உண்டு. 2022 இல் சிட்னியின் வருடாந்த மழைச் சாதனையே முறிந்தது, 1950 இன் கணக்கை ஒக்டோபரிலேயே தாண்டி விட்டது. அந்த வருடம் தடாகங்கள் நிரம்பி வழிந்து உப்பும் அதோடு போனது. அப்படியான நேரத்திலும் முதலில் சோதனை, பிறகு மூட்டை.

இனி நான் செய்த கொலை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அந்த வெள்ளைப் படிவுதான், கல்சியம் காபனேற்று, செல் தகட்டிலும் படியும். ஐதரசன் வருகிற தகட்டின் அருகே பிஎச், அதாவது காரத்தன்மை, ஏறுவதால் அங்கே இன்னும் விரைவாகப் படியும். அதைக் கரைக்க அமிலம். யாரோ ஒருவர் "மாதம் ஒருக்கா கழுவினால் செல் புதுசு மாதிரி இருக்கும்" என்றார். நானும் மாதா மாதம், தண்ணீர் கூடக் கலக்காமல், ஐதரோக்குளோரிக் அமிலத்தை அப்படியே விட்டேன். பொங்கிற நுரையைப் பார்க்க ஒரு திருப்தி. படிவே இல்லாத மாதங்களிலும் கழுவினேன். நாலாவது வருடம் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மங்கல் கறுப்பாக இருக்கவேண்டிய இடம், தொங்கல் பக்கம் எல்லாம், புது அலுமினியச் சட்டி மாதிரிப் பளபளத்தது. துப்புரவு என்று நினைத்தேன். பூச்சு போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் அதே ரகச் செல் எட்டாவது வருடமும் ஓடியது. அவர் அதைக் கழற்றியதே மூன்று முறைதானாம்.

அமிலம் தேவைதான், ஆனால் அதன் இடம் தடாகம். உப்புத் தடாகத்தில் பிஎச் தானாக ஏறிக்கொண்டே போகும். அதை 7.2க்கும் 7.6க்கும் இடையில் பிடித்து வைத்தால் தகட்டில் படிவே குறைவு. கண்ணால் படிவு தெரிந்தால் மட்டும் கழுவுங்கள். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அமிலம், தண்ணீருக்குள் அமிலத்தை விடவேண்டும், மாறி விடக்கூடாது. நுரை நின்றதும் எடுத்து விடுங்கள். கத்தி, திருகாணிச் சாவி ஒன்றும் உள்ளே போகக் கூடாது. குளோரீன் தூள் வாளிக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி டோர்ச் லைட். பின்னேரம் பம்ப் ஓடும்போது செல்லின் கண்ணாடி மாதிரியான உடம்பில் வெளிச்சம் அடியுங்கள். தகடுகளுக்கிடையே பால் கலந்த மாதிரி வெள்ளைக் குமிழிகள் எழுந்தால் அது வேலை செய்கிறது. குமிழி இருந்தும் குளோரீன் பூச்சியம் என்றால் செல்லைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்ரபிலைசர், அதுதான் சயனூரிக் அமிலம், எவ்வளவு என்று பாருங்கள். லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராமாவது வேண்டும். அது இல்லாவிட்டால் இங்கத்தைய சனவரி வெயில் ஓரிரு மணித்தியாலத்தில் பெரும்பகுதிக் குளோரீனைத் தின்று விடும். மழையோடு இதுவும்தான் கழுவுப்பட்டுப் போகும். செல் விடியவிடிய உழைத்தாலும் பொத்தல் வாளிதான்.

குமிழி இல்லையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மின்சாரத்தை நிறுத்தி விட்டு. இருபது அம்பியருக்கு மேலும் ஓடக்கூடிய இடம் அது. கொஞ்சம் இளகினாலே சூடாகி உருகும், பச்சைக் களிம்பு பிடிக்கும். தானே துப்புரவாகும் ரகத்தில் மின்சாரம் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை திசை மாறும். இரண்டு திசையிலும் எத்தனை அம்பியர் என்று எலெக்ட்ரீசியனைக் கொண்டு அளவெடுங்கள். என் பழைய செல்லில் ஒரு திசையில் 22, மறு திசையில் 9. அப்படி என்றால் ஒரு தொகுதித் தகடுகள் முடிந்தன, அதற்கு மேல் கழுவியும் பிரயோசனமில்லை.

ஆயுளை வருடத்தில் கேட்பதே பிழை. 10,000 மணித்தியாலச் செல்லை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓட்டினால் மூன்றரை வருடம் கூட வராது. 5 மணித்தியாலம் என்றால் ஐந்தரை வருடம். அதனால் தடாகத்தின் அளவுக்கு ஒரு படி பெரிய செல்லை வாங்கிக் குறைத்து ஓட்டுவதுதான் மலிவு. கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் பாசி வளர்வதும் குறைவு, உற்பத்தியை நன்றாகக் குறைத்து விடலாம். நான் யூன் முதல் ஓகஸ்ட் வரை ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம்தான் விடுகிறேன். புதுச் செல்லின் உடம்பில் பூட்டிய திகதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் வாங்கிய அமிலக் கான் இன்னும் பாதி இருக்கிறது.

இதை எழுதி முடிக்கிற நேரம் அந்தத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். பிளக்கின் ஒரு கம்பி முழுக்கப் பச்சை.