சப்ளையை நிறுத்திவிட்டால் ஆபத்தே இல்லையா?

'லைன்மேன்கள் சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் கம்பம் ஏறுகிறார்கள், அதில் என்ன ஆபத்து? ஸ்மார்ட் மீட்டர் (அளவைத் தானே அனுப்பும் மீட்டர்) வந்ததும் அந்த வேலையே இருக்காது' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சுவிட்சை அணைத்த கம்பியிலும் மின்சாரம் வரலாம். ஒரு வீட்டு ஜெனரேட்டரை முறையான மாற்றுச் சுவிட்ச் (ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்து வைப்பது) இல்லாமல் ஓட்டினால், அதன் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறிவிடலாம். பக்கத்தில் ஓடும் உயர் அழுத்தக் கம்பியின் தூண்டலாலும், அதாவது கம்பிகள் தொடாமலே, அணைத்த கம்பியில் மின்னழுத்தம் உண்டாகும். அதனால்தான் மின்சாரம் இல்லை என்று கருவியால் சோதித்து, கம்பிகளை ஒன்றாக இணைத்து எர்த் செய்த (நிலத்தோடு இணைத்த) பிறகே கை வைக்க வேண்டும் என்பது விதி.

சப்ளையை நிறுத்தாமலே செய்யும் வேலைகளும் உண்டு. அதற்கான ரப்பர் கையுறையை மாட்டுவதற்கு முன், அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் காற்றும் அங்கே தெரிந்துவிடும். இந்த ரப்பர் கிழியாமல் இருக்க மேலே தோல் கையுறை வேறு. சமையலறைக் கையுறை எதற்கும் உதவாது.

ஸ்மார்ட் மீட்டரால் குறைவது முக்கியமாக, வீடு வீடாகப் போய் அளவு எடுக்கும் வேலை. புயலில் சாய்ந்த கம்பத்தை மீட்டர் நிமிர்த்தாது. கம்பியைக் கம்பத்தில் மின்சாரம் பாயாமல் தாங்கும் இன்சுலேட்டர் உடைந்தால் டிரோன் படம் பிடிக்கும், மாற்றப்போவது பெரும்பாலும் ஆள்தான். கூரைச் சூரியத் தகடுகளும் மின்வாகனங்களும் பெருகப் பெருக, பழைய கம்பிகளை வலுப்படுத்தும் வேலை கூடவே செய்கிறது.