ஆட்டோ போய்க்கிட்டே இருக்கட்டும், உங்களுக்கு என்ன அவசரம்?

"இந்த மாதிரி படத்தையெல்லாம் நேரா ஓடிடிக்குக் குடுத்துடணும், தியேட்டருக்கு எதுக்குக் கொண்டு வர்றாங்க" - இயக்குநர் வினோத்ராஜோட கொட்டுக்காளி படம் வந்தப்ப ஆரம்பிச்ச இந்தப் பேச்சு இன்னும் ஓயல. அப்ப இயக்குநர் அமீர்கூட ஒரு மேடையில கிட்டத்தட்ட இதேதான் சொன்னார், நான் தயாரிப்பாளரா இருந்திருந்தா தியேட்டர்ல விட்டிருக்க மாட்டேன்னு. அவர் அக்கறையிலதான் சொன்னார், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா எனக்கு அப்படியே தலைகீழாத்தான் தோணுது. மாஸ் படத்தைக்கூட வீட்ல பாத்துக்கலாம்ங்க, மெதுவா போற படத்தைத்தான் வீட்ல பாக்கவே முடியாது.

ஏன்னா வீட்ல ரிமோட் நம்ம கையில இருக்கு. இதே வினோத்ராஜோட முதல் படம் கூழாங்கல் 2021ல ராட்டர்டாம் பட விழாவுல டைகர் விருது வாங்குச்சு, ஆஸ்கருக்கு இந்தியா சார்பா போச்சு, கடைசில 2023ல ஓடிடிலதான் நம்ம கைக்கு வந்துச்சு. எங்க வீட்ல போட்டோம். அப்பனும் மகனும் வெயில்ல நடக்குறாங்க, நடக்குறாங்க, கொஞ்ச நேரத்துலயே ஆளாளுக்கு ஃபோனை எடுத்தாச்சு, நடுவுல குக்கர் விசில் வேற. அந்தப் படத்துல வெயில்தான் முக்கியமான ஆளு, ஃபேனுக்குக் கீழ சோஃபால சாஞ்சுக்கிட்டு பத்து செகண்ட் பத்து செகண்டா தள்ளிப் பாத்தா அந்த வெயில் நம்ம மேல எப்படி விழும் சொல்லுங்க.

கொட்டுக்காளிய தியேட்டர்லயே பாத்தேன். 2024 ஆகஸ்ட் 23, வாழை ரிலீஸான அதே நாள், அந்த வாரமே ஒரு ஈவ்னிங் ஷோ. பாக்காதவங்களுக்காக சுருக்கமா: மீனான்னு ஒரு பொண்ணு, வேற சாதிப் பையனை விரும்புறா, வீட்ல இருக்கறவங்களுக்கு அவளுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு நம்பிக்கை, முறைமாமன் பாண்டி தலைமையில மொத்தக் குடும்பமும் ஷேர் ஆட்டோலயும் வண்டிலயும் அவளை ஒரு சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போகுது. கூடவே கால்ல கயிறு கட்டின ஒரு சேவல். மொத்தப் படமும் இந்தப் பயணம்தான். பின்னணி இசையே கிடையாது. மீனாவா வர்ற அன்னா பென் படம் முழுக்க வாயைத் திறக்கறதே அபூர்வம், பாண்டியா வர்ற சூரி தொண்டை கட்டி சுண்ணாம்பு தடவிக்கிட்டு கரகரன்னு பேசுறார்.

எங்க பின்சீட்ல வயசான ஒரு தம்பதி. அந்த அம்மா படம் தொடங்குனதுல இருந்து விடல. "ஏங்க, அந்தப் புள்ள பேசவே மாட்டாளா?" "பேசுவா, இரு." "ஏங்க, இவங்க எப்பதான் போய்ச் சேருவாங்க?" முன்னாடி ஒரு பையன் கூட்டம் "பாட்டு எப்பண்ணே வரும்"னு சவுண்டு விட்டுக்கிட்டு இருந்துச்சு. என்கூட வந்த நண்பன் என் காதுல "மச்சான், ஆட்டோ இன்னும் போய்க்கிட்டே இருக்குடா"ன்னான். எனக்கும் கால் ஆட ஆரம்பிச்சிருச்சு, பொய் சொல்லல.

அப்புறம் அந்தக் காளை மாடு சீன். ரோட்டு நடுவுல ஒரு மாடு நிக்குது, அத்தனை ஆம்பளைங்களும் கிட்டப் போக பயந்துக்கிட்டு நிக்குறாங்க, ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா அதைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிடுது. தியேட்டரே சிரிச்சுச்சு, அந்தப் பையன் கூட்டமும்தான். அந்த நிமிஷத்துல இருந்து ஹால் மாறிருச்சுன்னு சொல்லுவேன், எல்லாரும் அந்த ஆட்டோக்குள்ள ஏறிட்ட மாதிரி. மீனா ஒரு பாட்டை லேசா முணுமுணுத்ததுக்கு பாண்டி வெறி புடிச்சு அடிக்கறான் பாருங்க, தடுக்க வர்ற பொம்பளைங்களையும் சேத்து அடிக்கறான், அங்க மியூசிக் இல்ல, ஸ்லோ மோஷன் இல்ல, அடி விழற சத்தம் மட்டும்தான். பின்சீட்டு அம்மா வாய்விட்டே "விடுறா, டேய் விடுறா அவள"ன்னாங்க. ஒருத்தரும் சிரிக்கல. வீட்ல இந்த சீன் வந்திருந்தா நான் சவுண்டைக் குறைச்சிருப்பேன், அக்கம்பக்கத்துல கேக்கும்னு.

இதுக்கு அந்த முன்னாடி போன நீளம் வேணும்ங்க. அவ்வளவு நேரம் அவங்ககூட சும்மா உக்காந்து, எரிச்சலாகி, கால் மரத்துப் போனதாலதான் அந்த அடி நம்ம மேல விழுது.

மெதுவா போற படத்தைத் தியேட்டர்லதான் பாக்கணும்ங்கறதை வெளிநாட்டுல ஒரு கம்பெனி சீரியஸாவே எடுத்துக்கிட்டாங்க. தாய்லாந்து இயக்குநர் அபிசாட்பாங்கோட மெமோரியா, 2021ல கான் பட விழாவுல ஜூரி பரிசு வாங்குன படம், நடிகை டில்டா ஸ்விண்டன் காதுக்கு மட்டும் டம்முனு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், அது என்னன்னு தேடிப் போறாங்க. அமெரிக்காவுல அதை வாங்குன நியான் கம்பெனி, ஓடிடியும் கிடையாது டிவிடியும் கிடையாது, ஒரு நேரத்துல ஒரு ஊர் தியேட்டர்ல மட்டும்தான் ஓடும்னு அறிவிச்சாங்க. திமிரு புடிச்ச ஐடியாதான், பல பேர் திட்டவும் செஞ்சாங்க, தியேட்டர் இல்லாத ஊர்க்காரன் என்ன பண்ணுவான்னு. நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த டம்மு லேப்டாப் ஸ்பீக்கர்ல வந்தா பக்கத்து வீட்ல கதவு சாத்துறாங்கன்னுதான் நினைப்போம்.

அதுக்காக மெதுவா இருந்தாலே பெரிய படம்னு சொல்ல வரல. ஃபெஸ்டிவலுக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி சில படம் வருது, ஒரு மரத்தையே காட்டிக்கிட்டு இருப்பாங்க, அங்க மரத்தைத் தவிர ஒண்ணும் இருக்காது. கொட்டுக்காளிலயும் நடுவுல ஒரு பகுதி சொன்னதையே திரும்பச் சொல்லுதுன்னு எனக்கு ஒரு குறை உண்டு.

ஆனா ஜனங்க கோவப்பட்டதுக்கு படம் காரணம் இல்ல. விடுதலை, கருடன் பாத்துட்டு சூரி படம்னு டிக்கெட் எடுத்தவன்கிட்ட இது வேற மாதிரி படம்னு யார் புரியற மாதிரி சொன்னா? ரெண்டு மணி நேரம்கூட இல்லாத படம், அதையும் நடுவுல வெட்டி இன்டர்வெல்லு, பாப்கார்னு, நகைக்கடை விளம்பரம், திரும்ப ஆட்டோல ஏறவே நேரமாகுது. எங்க ஊர்ல வார நாள் வந்ததும் மிச்சம் வச்ச ஷோ காலைலதான், வேலைக்குப் போறவன் எப்படி வருவான், அப்புறம் கூட்டம் இல்லன்னு தூக்கிடறது.

அப்புறம் இந்த "எண்டிங் எக்ஸ்ப்ளெயின்ட்" ஆளுங்க. கடைசில சாமியாடி இன்னொரு பொண்ணுக்கு 'வைத்தியம்' பாக்குறதை பாண்டி பாக்கறான், அவன் முகத்துல ஏதோ நடக்குது, என்ன செய்யப் போறான்னு தெரியறதுக்குள்ள படம் முடிஞ்சிருது. உடனே யூடியூப்ல பதில் ரெடி: சேவல்னா மீனா, கயிறுன்னா சாதி, மாடுன்னா இது, முடிவுன்னா அது. கொஸ்டின் பேப்பருக்கு நோட்ஸ் போடற மாதிரி. சேவலும் மீனாவும் ஒண்ணுங்கறது எட்டாவது படிக்கற புள்ளைக்கே தெரியும், அதைக் கண்டுபுடிக்கவா அவ்வளவு நேரம் உக்காந்தோம்?

லைட்டு போட்டதும் "அவ்ளோதானா?"ன்னு ஒரு குரல், சில பேர் திட்டிக்கிட்டே போனாங்க. பின்சீட்டு அம்மா படி இறங்கும்போது வீட்டுக்காரர்கிட்ட உறுதியா சொல்றாங்க, "அவன் அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாங்க, மூஞ்சியப் பாத்தீங்கள்ல." அவர் "அட நீ வேற, அவனாவது திருந்தறதாவது"ன்னார். பார்க்கிங்ல ஸ்கூட்டரை எடுக்கற வரைக்கும் விடல ரெண்டு பேரும், அவங்க பேச்சு எந்த விமர்சனத்தையும்விட நல்லா இருந்துச்சு, நான் ஹெல்மெட் தேடற மாதிரி நின்னு கேட்டேன்.

தியேட்டர்காரங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி படத்துக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன், ஒரே ஒரு ஈவ்னிங் ஷோ, ரெண்டு வாரம், இன்டர்வெல் விடாம. பாப்கார்னை படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வித்துக்கோங்க, நானே பெரிய டப்பாவா வாங்கறேன்.