தனியாகப் போனவர் உதவி கேட்கக் கூடாதா?

அந்தக் கடவுச்சீட்டு விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெளிநாட்டில் தனியாகப் பயணம் செய்த ஒரு பெண் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு முகநூலில் உதவி கேட்டிருந்தார். அந்தப் பெண் எழுதியதையும் அதன் கீழே நம்மவர்கள் கொட்டியதையும் நீங்களும் படித்திருப்பீர்கள். வந்த கருத்துகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டன: "தனியாகப் போகத் தெரிந்தவருக்குத் தனியாகத் திரும்பி வரத் தெரியாதா?" அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. ஆகவே எழுதுகிறேன்.

அயல்நாட்டில் தனியாகப் பயணம் செய்கிறவர் முதலில் கற்றுக்கொள்வது துணிச்சலை அன்று. கூச்சப்படாமல் உதவி கேட்பதை. கூட்டமாகப் போகிறவரால்தான் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்த் திரும்பிவர முடியும், ஏனென்றால் அவருக்காக வழிகாட்டி கேட்டுவிடுகிறார், உடன் வந்தவர் கேட்டுவிடுகிறார், விடுதிக்கு முன்பணம் கட்டிய நிறுவனம் கேட்டுவிடுகிறது. தனியாகப் போனவருக்கோ இந்த வண்டி எங்கே போகிறது என்பதிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது வரை எல்லாமே கேள்விதான். உதவி கேட்பதை ஏதோ தோல்வியைப் போலப் பேசுகிறவர்கள், தனிப்பயணம் என்றால் என்னவென்றே தெரியாமல் பேசுகிறார்கள்.

ஜார்ஜியாவில், திபிலிசி நகரின் திதுபே பேருந்து நிலையத்தில் ஒரு காலை நேரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மார்ஷ்ருத்கா என்று அவர்கள் அழைக்கும் சிற்றுந்துகள் நெருக்கியடித்து நின்றன. பல வண்டிகளின் முன்கண்ணாடியில் ஊர்ப்பெயர் ஜார்ஜிய எழுத்தில் மட்டுமே இருந்தது. அந்த மொழிக்கு 33 எழுத்துகள். எனக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் படித்த படிப்பெல்லாம் பயனற்றுப்போக, எழுதப் படிக்கத் தெரியாதவளாக ஒவ்வொரு ஓட்டுநரிடமும் நான் போக வேண்டிய மலையூரின் பெயரைச் சொல்லி "கஸ்பேகி, கஸ்பேகி" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். மூட்டைகளோடு வந்த ஒரு பெண்மணி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சரியான வண்டியில் உட்கார வைத்தார். நன்றி சொல்வதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

மலையில் ஏறிய பிறகு கதை வேறானது. அந்த ஊருக்குப் போக 2,300 மீட்டருக்கும் மேல் உயரத்திலுள்ள ஜ்வாரி கணவாயைக் கடக்க வேண்டும். பனி கூடினால் அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்த பிறகு அடைத்தார்கள், எனக்கும் அன்று இரவே காய்ச்சல் வந்தது. தங்கியிருந்த வீட்டின் அம்மாளிடம் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன், மாத்திரை கேட்டுவிட்டேன். ஆனால் தனியாகப் படுத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று தட்டச்சு செய்ய மட்டும் விரல் வரவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் அதையும் அடித்துக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விடியும்வரை பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். நீ ஏன் தனியாக வந்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. நான் திரும்பி வந்த பிறகு அதைக் கேட்டவர்களெல்லாம் எனக்கு மிக வேண்டியவர்கள்.

இனி, வரப்போகும் மறுப்புகள். "அந்தப் பெண் கவனமாக இருந்திருக்க வேண்டாமா?" இருந்திருக்கலாம். கடவுச்சீட்டின் படியை வேறொரு பையில் வைத்திருக்க வேண்டும், தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் சரியே. ஆனால் சுற்றுலாக் கூட்டத்தோடு போகிறவர்களுக்கும் கடவுச்சீட்டு தொலையத்தான் செய்கிறது, அப்போது யாரும் "எதற்காக நாற்பது பேராகப் போனீர்கள்?" என்று கேட்பதில்லை.

"நம் வரிப்பணத்தில் தூதரகம் இவர்களுக்கு வேலை செய்ய வேண்டுமா?" இதை எழுதியவர் நன்கு படித்தவர் என்பதுதான் எனக்கு வேதனை. ஐயா, வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு உதவுவது தூதரகத்தின் பெருந்தன்மை அன்று, வேலை. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு தூதரகப் பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் குடிமக்களுக்கு உதவுவதும் இருக்கிறது, கடவுச்சீட்டும் பயண ஆவணங்களும் வழங்குவதும் இருக்கிறது. தனியாக வந்தவருக்கு மட்டும் உதவ வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. அவசர ஆவணத்துக்கு உரிய கட்டணத்தை அந்தப் பெண்தான் கட்டப்போகிறார், நீங்கள் கட்டப்போவதில்லை.

"ஆயிரம் சொன்னாலும் ஒரு பெண் தனியாக..." இதற்கு நீண்ட பதில் எழுதும் பொறுமை எனக்கு இல்லை. நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் உலகைச் சுற்றிவர விரும்பியபோது, பெண் என்றால் துணை வேண்டும், பெட்டிகளும் ஏராளமாக வேண்டும் என்று அவருடைய அலுவலகத்திலேயே சொன்னார்கள். அவர் 1889இல் ஒரே ஒரு கைப்பையுடன் புறப்பட்டு 72 நாள்களில் சுற்றி வந்துவிட்டார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன, கேள்வி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

ஆண்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வருவதில்லை என்று பார்க்க விரும்புகிறவர்கள் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை எடுத்துக்கொள்ளலாம். 1325இல், 21 வயதில், தாஞ்சியரிலிருந்து துணையின்றிப் புறப்பட்டவர். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊர்மக்கள் மற்றவர்களையெல்லாம் வரவேற்க, தன்னை வரவேற்க ஒருவரும் இல்லையே என்று அழுததையும், சக பயணி ஒருவர் வந்து தேற்றியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அதற்காக அவரை யாரும் இளப்பமாகப் பேசவில்லை. மாபெரும் பயணி என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். இன்று அவர் முகநூலில் அதை எழுதியிருந்தால் என்ன கருத்துகள் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆண் என்பதால் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும்.

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. இதே பெண் மலையுச்சியில் நின்று எடுத்த படத்தைப் போட்டபோது வீராங்கனை என்று வாழ்த்தியவர்களும் இப்போது சிரிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். எனக்கும் அதுவே நடந்தது. பனிமலையின் படத்துக்கு வந்த இதயக் குறிகள் எத்தனையோ. காய்ச்சல் இரவைப் பற்றி எழுதியபோது வந்தவை அறிவுரைகள் மட்டுமே. பல ஆண்டுகளாக அறிந்த ஒருவர் உட்பெட்டிக்கு வந்து, "உங்களைப் பார்த்துத்தான் மற்ற பெண்களும் கெட்டுப்போகிறார்கள்" என்று எழுதினார். அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அவரும் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும்; வணக்கம், நலமாக இருக்கிறேன், அடுத்த பயணத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் தன் பதிவை நேற்று நீக்கிவிட்டார். அவர் கடவுச்சீட்டைத் தொலைத்த நகரில் வசிக்கும் ஒருவர், எந்தக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், தூதரகத்தில் எந்தச் சாளரத்தில் நிற்க வேண்டும், என்னென்ன தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நிதானமாக எழுதியிருந்த கருத்தும் அதோடு போய்விட்டது. யாரேனும் அதைப் படமெடுத்து வைத்திருந்தால், எழுதியவரின் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். என் பக்கத்தில் வெளியிடுகிறேன். அதன் கீழும் வந்து அதே கேள்வியைக் கேட்பவர்களை விளக்கம் சொல்லாமல் நீக்குவேன்.